மாதத்துக்கு ஒரு கோடு

சிலிபின், ஈப்போ
5-11-1978, ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் பெட்ரீசியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நீ அந்தக் குளிரில் விறைத்துப் போகாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலையும் படிப்புமாக சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பா நலம், கோழி நான்கும் நலம், போன மாதம் மாற்றின கூரைத் தகரமும் இந்த மழைக்கு நலம். நானும் நலம் என்று வழக்கமாக எழுதுகிற இடம் இதுதான், அதை இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைக்க வேண்டும், நீ சிரித்துக்கொள், ஆனால் உன் ஆஸ்டல் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டாதே, இங்கிலீஷில் சொன்னால் இன்னும் மானம் போகும்.

போன வியாழக்கிழமை கல்லறைத் திருநாள் பூசைக்குப் போனேன். ஆரஞ்சுச் சேலை, கொண்டையில் ஊசி, எல்லாம் ஒழுங்காகத்தான் போனேன். வரிசையில் நின்று நற்கருணை அப்பம் வாங்கி, கையைக் கூப்பிக்கொண்டு பெரிய புனிதவதி மாதிரி திரும்பி வந்து முழங்காலில் நின்றேன். பூசை முடிந்து வாசலில் எல்லாரும் கூடி நிற்கும்போது பக்கத்து வீட்டு ரோசரி அக்கா கையில் ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, இது யாருதுலா, பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சு என்று கேட்டார். நான் விடுவேனா, யாரோ ஒரு புண்ணியவதி ஒத்தக் காலோட மோட்சத்துக்குக் கெளம்பிட்டா போல அக்கா, அங்க போயி நொண்டப் போறா என்று சொல்லி நானே எல்லாருக்கும் முந்திச் சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். ரோசரி அக்கா சிரிக்கவில்லை. அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது, இடது கால் வெறும் காலாக ஈர மணலில் புதைந்து நின்றது. பீடம் வரைக்கும் போய் வந்திருக்கிறேன், வாசற்படி இறங்கியிருக்கிறேன், மணலில் நிற்கிறேன், ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த மணல் குளிர்ச்சியா சூடா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை மகளே.

அதுதான் சங்கதி. ரோசரி அக்கா மகன் பெர்னார்ட் அடுத்த மாதம் படிக்க லண்டன் வருகிறான், உன்னை வந்து பார்ப்பான், அவன் வாயில் எதுவும் நிற்காது என்று உனக்குத் தெரியும். அவன் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். டூட்டி முடிந்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு வாசி. நீ போன கடிதத்தில் கேட்டிருந்தாய், அம்மா ஏன் எழுத்தெல்லாம் மாங்காய் மாங்காயாகப் பெரிதாக எழுதுகிறாய் என்று. மூக்குக் கண்ணாடி சரியில்லை என்று பதில் போட்டேன். பொய். கண்ணாடி நன்றாக இருக்கிறது. பேனா எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்கிறேன், பார்வை விலகினால் பேனா தானாகக் கீழே போய்விடுகிறது. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் மூன்று தடவை உன் அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் படித்த மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு இந்தக் கஷ்டம் வேறு.

தொடங்கினது போன வருஷம் செப்டம்பரில். இடது கால் பெருவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, எங்கேயோ சீனி சிந்திக் கிடக்கிறது என்று வீடு பூராவும் கூட்டினேன். பிறகு இரண்டு பாதமும் காலுறை போட்ட மாதிரி ஆனது. நீ கிறிஸ்துமசுக்கு அனுப்பிய கம்பளிக் காலுறை அருமை என்று எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா, அதற்கு முன்னாலேயே நான் உள்ளுக்குள் ஒரு சோடி போட்டுக்கொண்டுதான் இருந்தேன், கழற்றத்தான் முடியவில்லை. பிறகு எரிச்சல். படுத்தால் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும், போர்வை நுனி பட்டால் கத்தத் தோன்றும், ஆனால் ஒரு நாள் குண்டூசி ஏறி நின்றது, அதை உன் அப்பா பார்த்துச் சொல்லித்தான் தெரியும். ஒரே காலுக்கு இரண்டு புத்தி. அப்பா கற்பூர எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, ஒங்க அம்மா கால் பளபளன்னு ஆனதுதான் மிச்சம் என்று உனக்கு எழுதச் சொல்கிறார்.

ஏன் உடனே டாக்டரிடம் போகவில்லை என்று நீ கேட்பாய். நர்சம்மா ஆயிற்றே, கேட்பாய். எனக்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், அதனால்தான் போகவில்லை. இதை எழுதுவதற்குக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

உனக்கு நவமணி சின்னம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், என் அம்மாவின் தங்கச்சி, காய்ச்சலில் செத்துப்போனார் என்று. காய்ச்சலில் சாகவில்லை. அப்போது நாங்கள் கோப்பெங் தாண்டி இருந்த கித்தா ரப்பர்த் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தோம், ஜப்பான்காரன் போன மறு வருஷம், எனக்குப் பன்னிரண்டு வயது. வருஷத்துக்கு ஒரு தடவை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வந்து எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துக் குஷ்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். துணியால் கண்ணைக் கட்டிவிட்டுக் கோழி இறகால் முழங்கை, முதுகு, கால் என்று தொடுவார், தொடும்போது இருக்கு என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் பெயர் எழுதப்படும். பெயர் எழுதினால் அடுத்த வாரம் லாரி வரும், சுங்கை பூலோ குஷ்டரோகி முகாமுக்கு, போனவர் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் லயத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். யாருக்காவது உடம்பில் மரத்த இடம் இருந்தால் வரிசையில் பின்னால் நிற்கிறவர் இறகு படும்போது ஒரு இருமல் இருமுவார், முன்னால் நிற்கிறவர் இருக்கு என்பார். அந்த நாளில் எங்கள் லயமே சளி பிடித்த மாதிரி இருமும். டிரசருக்குத் தெரியுமோ தெரியாதோ. நவமணி சின்னம்மாவுக்கு வலது காலில் ஒரு உள்ளங்கை அகலம் தெரியாது. பின்னால் நின்று இருமும் வேலை எனக்கு.

அன்றைக்கு டிரசரின் மொட்டைத் தலையில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவர் குனிந்தால் அது நடக்கும், நிமிர்ந்தால் நிற்கும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, வாயைப் பொத்தினேன். அந்த நேரத்தில் இறகு சின்னம்மா காலில் மூன்று தடவை பட்டுப் போய்விட்டது. எனக்குத் திக்கென்று ஆகி இருமினேன். அப்போது டிரசர் இறகைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார். சின்னம்மா இருக்கு என்றார். ஒன்றுமே படாத காலுக்கு, இருக்கு என்றார். டிரசர் பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் லாரி வந்தது, பாயையும் துணியையும் கொளுத்தி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். லாரியில் ஏறுவதற்கு முன்னால் சின்னம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏண்டி குழந்த, கசாயம் வச்சிக் குடிடி, ஒனக்கு இருமல் நேரத்துக்கு வர மாட்டேங்குது என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு வயது இருபத்து நாலு. இரண்டு வருஷம் கழித்து இறந்துபோனதாகக் காகிதம் வந்தது. உன் அப்பாவுக்கே நான் இதைப் போன மார்ச்சில்தான் சொன்னேன்.

அதனால் பாதம் மரத்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் பள்ளிக்கூட கேண்டீனில் என் கையால் யாரும் ஒரு வடைகூட வாங்க மாட்டார்கள், கோயிலில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், பெட்ரீசியாவுக்கு நாளைக்கு வரன் வந்தால் அதுவும் போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பிப்ரவரியில் கேண்டீனில் ஒரு தட்டு நிறைய மங்குக் கிண்ணங்களோடு விழுந்தேன். கேண்டீன்காரம்மா மங்களம், தட்டு மங்கெல்லாம் ஒன்கிட்ட கோவிச்சிக்கிட்டு கீழ குதிக்குதே குழந்த, என்னா சங்கதி என்று கேட்டார். உன் அப்பா பிடிவாதமாக மார்ச்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். போவதற்கு முதல் நாள்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இருமச் சொல்லிக் கொடுத்தேன். நான் என்ன ஆயாகிட்ட விட்டுட்டுப் போற ஆயக்கொட்டகைப் புள்ளையா இருமிப் பழகுறதுக்கு என்று முதலில் கோபித்தார், பிறகு கோழிக்கூண்டுப் பக்கம் போய் நின்று அவரே இருமிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர், தமிழ் தெரியாது, மலாயில்தான் பேச்சு. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். உன் அப்பா மறைப்புத் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் இருமினார், நான் ஒவ்வொன்றுக்கும் அடா, அடா என்றேன், இருக்கு என்பதற்கு அவர்கள் பாஷை. ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் பன்னிரண்டு வயதில் செய்யத் தெரியாததை உன் அப்பா நாற்பத்தொன்பதில் சுத்தமாகச் செய்தார். டாக்டர் எனக்கு உணர்ச்சியெல்லாம் சரியாக இருக்கிறது, பலவீனம், மனக்கவலை என்று எழுதிச் சத்து மாத்திரை கொடுத்தார். உன் அப்பாவைப் பார்த்து, இந்த இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டு நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்துவிட்டார். பாவம், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று சட்டையைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார், நுரையீரல் தங்கம் மாதிரி இருக்கிறதாம். பஸ்ஸில் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டோம். அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது பெட்ரீசியா. அந்தக் காகிதத்தில் சரி என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு கால் எரிகிறது, விழுகிறேன் என்று எத்தனை தடவை கிளினிக்கில் போய்ச் சொன்னாலும் அந்தக் காகிதத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், அதே மாத்திரை. அந்தப் பூட்டை நானே பூட்டினேன், யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் எனக்கு ஒரு கணக்கு தெரிய வேண்டியிருந்தது, இது எங்கே வரைக்கும் ஏறிவிட்டது என்று. நான் பால் மரம் வெட்டின காலத்தில் மாதம் பிறந்தால் தோட்டத்துக் கண்டக்டர் ஐயா வந்து மரப்பட்டையில் சாயத்தால் ஒரு கோடு இழுப்பார், ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை தீர்ந்தது என்று அந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவில் பார்த்தால் தெரிந்துவிடும், அதிகம் தின்றிருந்தால் ஏச்சுக் கிடைக்கும். அதே மாதிரி போன ஜனவரியிலிருந்து மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கோழி இறகால் பாதத்திலிருந்து மேலே தடவிக்கொண்டே போவேன், எங்கே இறகு தெரிகிறதோ அங்கே புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தால் ஒரு கோடு. அழிந்தால் திரும்பப் போடுவேன். ஜனவரியில் கணுக்கால். மார்ச்சில் நாலு விரல் மேலே. இந்த மரத்தில் யாரோ பட்டையை அதிகமாகத்தான் தின்றுகொண்டிருந்தார்கள், யாரை ஏசுவது என்றுதான் தெரியவில்லை.

இந்த வருஷம் செப்டம்பரில் பாதத்தில் ஒரு வெட்டு, பால் டின் மூடி கிழித்தது, எனக்குத் தெரியாமலே சீழ் பிடித்துவிட்டது, கட்டுப் போடப் போனேன். அன்றைக்குக் கிளினிக்கில் புதிதாக ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா இருந்தார், முன்நெற்றியில் நரை, குரல் மட்டும் சிறுபிள்ளைக் குரல். சேலையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார், தூக்கினேன், இரண்டு காலிலும் ஒன்பது ஒன்பது கோடு. இதென்ன அம்மா, காலிலை ஏணி வரைஞ்சு வச்சிருக்கிறியள் என்று கேட்டார். மற்ற டாக்டர் யாரும் சேலையைத் தூக்கச் சொன்னதில்லை, சரி என்று எழுதின காலை யார் பார்ப்பார்கள். எனக்கு வாயில் ஒரு பொய்கூட வரவில்லை, இவ்வளவு தூரம் ஏறிவிட்டது டாக்டர் என்று சொல்லிவிட்டேன். உடனே பஞ்சை எடுத்தார். பின்னால் உன் அப்பா பழக்க தோஷத்தில் இருமினார். டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். ஐயா, நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார், கண்ணை மூடுங்கோ, தெரிஞ்சால் தெரியுது எண்டு சொல்லுங்கோ, தெரியாட்டில் சும்மா இருங்கோ, இது சோதினை இல்லை, ஃபெயில் ஆக ஏலாது. நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியில் மழை பெய்கிற சத்தம், யாரோ ஒரு குழந்தை அழுகிற சத்தம், எல்லாம் கேட்கிறது. ரொம்ப நேரம் ஆகிறதே என்று, இன்னும் தொடங்கலையா டாக்டர் என்று கேட்டேன். முடிஞ்சுது அம்மா என்றார்.

அப்போதுதான் அழுதேன், முதல் தடவை. நவமணி சின்னம்மா கதையைச் சொன்னேன், இருமல் கதையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஆறு மாசத்தை ரெண்டு பேருமாச் சேந்து இருமியே துலைச்சுப்போட்டியள் என்று மட்டும் சொல்லிவிட்டு, குஷ்டக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் காது மடலில் சின்னதாகக் கீறி எடுத்து அனுப்பினார். இப்ப லாரி எல்லாம் வராது அம்மா, அந்தக் குஷ்ட வருத்தம் எண்டாலும் மாத்திரை இருக்கு, வீட்டிலை இருந்தே சாப்பிடலாம் என்றார். ஒரு வாரம் கழித்துப் போனோம். அது இல்லை என்றார். குஷ்டம் இல்லவே இல்லை, ஒரு கிருமி இல்லை. வரும் வழியில் உன் அப்பா பாசாரில் இறங்கிப் பெரிய வாவல் மீன் வாங்கினார், அன்றைக்கு எங்கள் வீட்டில் உயிர்ப்புத் திருநாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் உன் அப்பா கேட்டார், அப்போ என்னாதான்லா இது. முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான். அது இல்லை என்றால் இதை என்ன சொல்லித் திட்டுவது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா தேடாத இடம் இல்லை. இரத்தத்தில் சர்க்கரை பார்த்தார், இல்லை. கள்ளு, சம்சு குடிப்பியளோ என்று கேட்டார், எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் யாருக்குமே இல்லை என்றேன். புருஷன் வேறு இடம் போய் வந்து கொடுக்கிற வியாதியா என்று அதற்கும் இரத்தம் எடுத்தார், உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த மனுஷன் என்னை விட்டுத் தனியாகப் போகிற ஒரே இடம் முடிவெட்டுகிற கடை. அதுவும் இல்லை. முதுகெலும்பைப் படம் எடுத்தார்கள். நரம்புக்குச் சத்து என்று சிவப்பு ஊசி வாரம் இரண்டு போட்டார்கள், ஒரு மாற்றமும் இல்லை. போன மாதம் கோலாலம்பூருக்கு அனுப்பிக் காலில் கரண்டு வைத்துப் பார்த்தார்கள், மேலே முழங்கால் பக்கம் வைத்தால் துள்ளுகிறது, கீழே வைத்தால் செத்த கோழி மாதிரி கிடக்கிறது. நரம்பு உண்மையாகவே கெட்டிருக்கிறது, மனக்கவலை இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஏன் கெட்டது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. டாக்டரம்மாவிடம் நான் இப்போது அதிகம் கேட்கிற வார்த்தை, தெரியேல்லை அம்மா. அதை அவர் சொல்லும்போது நான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது, பரவாயில்ல டாக்டர், மெதுவா தேடுங்க என்று.

அவர் ஒரு நாள், மரம் வெட்டினதுக்குப் பிறகு வேறை என்ன வேலை செய்தனீங்கள் என்று கேட்டார். ஆறு வருஷம் புல் சாக மருந்து அடித்தேன் என்றேன், உனக்கும் ஞாபகம் இருக்கும், முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, காலில் ஒன்றும் இல்லாமல், நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்குவேன். என்ன மருந்து, பேர் என்ன என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும். என் முடியும் நகமும் வெட்டிப் பொட்டலம் கட்டி, அந்த விஷம் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க எங்கோ அனுப்பினார், ஏதோ கொஞ்சம் இருக்கு, ஆனால் இதாலைதான் எண்டு சொல்லப் போதாது, வருஷமும் கடந்துபோச்சு என்றார். மருந்துப் பெயர் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றதால் நானும் உன் அப்பாவும் பழைய தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. ஆபீஸ் இல்லை, ஸ்டோர் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும், அதில் ஒரு சீனன் கத்தரிக்காய் போட்டிருக்கிறான். ஸ்டோரில் கணக்கெழுதின பழைய கிராணி உடையப்பன் சிலிம் ரிவரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று அங்கே இருந்தவர்கள் சொல்ல, அடுத்த வாரம் பஸ் ஏறி அங்கேயும் போனோம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என்னை அடையாளம் தெரிந்தது, ஏய், வாயாடி குழந்தையா நீ என்றார். மருந்துப் பெயரைக் கேட்டேன். மருந்துன்னா மருந்துதான்லா, மொதல்ல வெள்ள டின்னு வந்துச்சு, அப்புறம் நீல டின்னு வந்துச்சு, பேரெல்லாம் இங்கிலீசுல தொர எழுதுனாரு, தொர கப்பலேறி பத்து வருசமாச்சு என்றார். புத்தகம் இருந்துச்சே என்றேன். தோட்டம் வித்தப்ப பொஸ்தகமெல்லாம் அடுப்புக்குப் போச்சு என்றார். பிறகு மெதுவாக, ஒங்கூட மருந்தடிச்சாளே பாப்பா, அவளும் கடைசியில கால இழுத்துக்கிட்டுத்தான் நடந்தா, வாதம்னு சொன்னாங்க என்றார். பாப்பா எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். செத்து நாலு வருஷமாம். அவளுக்கு என்ன இருந்தது என்று கேட்கவும் ஆள் இல்லை, நகம் வெட்டிப் பார்க்கவும் வழி இல்லை.

இனி இப்போது எப்படி இருக்கிறேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். கேண்டீன் வேலையை விட்டுவிட்டேன், மங்களம் போகச் சொல்லவில்லை, நானே விட்டேன். பார்த்துக்கொண்டு நடந்தால் நடக்க முடிகிறது, காலைப் பார்க்காவிட்டால் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுகிறேன், அதனால் உன் அப்பா குளிக்கும் இடத்தில் சுவரில் ஒரு கம்பி அடித்துக் கொடுத்திருக்கிறார். சேலைக்கு ஊசி குத்த முடியவில்லை, அவர்தான் குத்துகிறார், இரண்டு தடவை மடிப்பைப் பிடித்திருந்த என் விரலையும் சேர்த்துக் குத்திவிட்டார், எனக்குத் தெரியாது என்பதால் சண்டை இல்லை. ரோசரி அக்கா யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார், நம்மிடம் இருக்கிற நாலு கோழிக்குப் பொறாமைப்பட்டு எவன் அவ்வளவு மெனக்கெடுவான். தைப்பிங்கில் ஒரு சீன வைத்தியர் கறுப்பு உருண்டை கொடுத்தார், அதை டாக்டரம்மா பிடுங்கி எறிந்துவிட்டார். மற்றபடி எல்லாரும் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் உனக்கு என்னாதான் என்று கேட்கும்போது என்னிடம் பதில் இல்லாதது பெரிய சூசாவாக, கஷ்டமாக இருக்கிறது. பெயர் இல்லாத வியாதிக்காரியைச் சனங்கள் பாதி நம்புகிறார்கள்.

இன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. இப்போது இறகு உன் அப்பா கையில். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அவர் தடவிக்கொண்டு போகிறார், தெரிந்தால் தெரிகிறது என்கிறேன், தெரியாவிட்டால் சும்மா இருக்கிறேன். அவர் மூச்சுக்கூட விடுவதில்லை, இருமிவிடுவோமோ என்று அவருக்கே பயம். இந்த மாதக் கோடு இரண்டு காலிலும் முழங்காலுக்கு மேலே இரண்டு விரல். கையில் மணிக்கட்டுக்கு ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறோம். தானாக நின்றாலும் நிற்கும், ஏறினாலும் ஏறும் என்று டாக்டரம்மா சொல்கிறார். கை போய்விட்டால் உனக்கு நான் எழுத முடியாது, அதுதான் எனக்குப் பெரிய பயம், உன் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், அவரிடம் விட்டால் உனக்கு வருஷம் பூராவும் கையெழுத்துதான் வரும்.

ஆகையால் மகளே, இதை வாசித்துவிட்டு அழுதுகொண்டு பெட்டி கட்டாதே. உனக்கு மார்ச்சில் கடைசிப் பரீட்சை, அதை எழுதாமல் நீ வந்து நின்றால் வாசலிலேயே நிற்க வைப்பேன், உன் அப்பா சொன்னாலும் கேட்க மாட்டேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். டாக்டரம்மா எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன், கோலாலம்பூர் காகிதமும் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் நரம்புக்கென்று பெரிய டாக்டர் இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, பயப்படாமல் அவர் முன்னால் போய் நின்று கேள். வெள்ளை டின், நீல டின் என்பதையும் சொல், அவர்கள் ஊரிலிருந்து வந்த டின்தானே, அவர்களுக்குத் தெரிந்தாலும் தெரியும். அவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எனக்கு எழுது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது. நடக்க முடியாமல் போகும் என்று சொன்னால் அதையும் எழுது. அம்மா பாவம் என்று நல்ல வார்த்தையாக மாற்றி எழுதாதே, நான் கண்டுபிடித்துவிடுவேன். நம் வீட்டில் இனிமேல் யாருக்காகவும் யாரும் இருமக் கூடாது.

மழைக்கோட்டுப் போட்டுக்கொள், தலைமுடியை ஈரத்தோடு கட்டாதே, பாலை மட்டும் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. பெர்னார்ட் வரும்போது அவனிடம் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்து விடுகிறேன், வழியில் அவன் தின்னாமல் இருந்தால் உனக்குக் கிடைக்கும். அவன் ஒரு மாதிரி உன்னைப் பார்ப்பான், கண்டுகொள்ளாதே, அல்லது கண்டுகொள், அது உன் இஷ்டம். சாயங்காலமாகிவிட்டது, உன் அப்பா விளக்கைப் போட்டுக் கொசுவத்தியும் கொளுத்தி வைத்துவிட்டு, இன்னும் எவ்வளவுதான்லா எழுதுவ, ஏர்மெயில் பாரம் தாங்காது என்கிறார். மாதாவும் சூசையப்பரும் உன் கூடவே இருந்து உன் கையையும் காலையும் காப்பாற்றட்டும். நீ தொடுகிற நோயாளிகள் எல்லாரும் நீ தொட்டதை உணரட்டும். டாக்டரம்மா கொடுத்த காகிதத்தை எங்கேயாவது வைத்துத் தொலைத்துவிடாதே, நகல் இல்லை.

உன் அன்புள்ள அம்மா,
செ. குழந்தையம்மாள்

கடைசியாக ஒன்று. மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது உன் அப்பா வந்து, என்னமோ கருகுற வாசன வருதே, அடுப்புல என்னா வச்ச என்று கேட்டார். அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை என்றேன். அவர் போய்ப் பார்த்தார், இல்லைதான். மேசைக்கு அடியில் கொசுவத்தி பாதியில் அணைந்து கிடந்தது. நான் எழுதும்போது இடது குதிகாலை அதன்மேல் வைத்திருக்கிறேன். சுட்ட புண் ஐம்பது காசு அகலம் இருக்கிறது. உன் அப்பா மருந்து போட்டுக் கட்டிவிட்டு வேறு ஒரு வத்தி கொளுத்தி அலமாரி மேல் வைத்திருக்கிறார். கொசு குறைந்திருக்கிறது.